கார்புரேட்டர் ஜெயித்த கதை

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக தினமும் துடைக்கப்பட்டது அப்பாவின் பெட்ரோல் ஜீப். கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக்கை இழுத்துப் பிடித்து, கொஞ்ச நேரம் கெஞ்சினால்தான் கிளம்பும். வீட்டில் நாங்கள் எல்லோரும் குடிக்கிற தண்ணீரைவிட அது குடிக்கிற பெட்ரோல் ஜாஸ்தி என்பது அம்மாவின் புகார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதே ஜீப்பில் இன்ஜெக்ஷன் வைத்த புது மாடலை வாங்கிவந்தபோது வம்பு தொடங்கியது. தன் வண்டியில் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது என்றார் மாமா. ஸ்க்ரூடிரைவரால் திருத்த முடியாததெல்லாம் ஒரு வண்டியா என்றார் அப்பா. கடைசியில் போட்டி முடிவானது. கள்ளக்குறிச்சி பங்கில் இரண்டு டேங்கையும் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வெள்ளிமலை போய்த் திரும்பவேண்டும். மறுபடி நிரப்பும்போது எதற்குக் குறைவாகப் பிடிக்கிறதோ அது ஜெயித்தது. தோற்றால் ஜீப்பை விற்றுவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். அதைக் கேட்ட அம்மா உடனே உள்ளே போய்த் தம்பிக்காக விளக்கேற்றினாள்.

ஏமாற்று நடக்காமலிருக்க ஆளுக்கொரு சாட்சி. மாமா வண்டியில் அப்பாவின் சார்பாக நான், நாலாம் வகுப்பு. அப்பா வண்டியில் மாமாவின் சார்பாக அவர் மனைவி, என் அத்தை. பாரம் குறைய அப்பா ஸ்டெப்னியையும் பின்சீட்டையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டார். அத்தையையும் சாப்பிடாமல் வரச் சொல்ல நினைத்திருப்பார்; கேட்கத் தைரியம் வரவில்லை.

மலை ஏற ஏற அப்பாவின் வண்டி கரும்புகை கக்கியது. வெள்ளிமலையில் அவர் பானெட்டைத் திறந்து எதையோ திருகிக்கொண்டே இருந்தார். முகம் செத்திருந்தது.

இறக்கத்தில் அந்த வண்டி சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. அப்பா கையசைத்தார். அத்தை இரண்டு கைகளாலும் முன்கம்பியைப் பிடித்திருந்தார்.

"இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உருட்டிகினு போறாரு ஒங்கப்பா," என்றார் மாமா. "நம்ம வண்டி கியர்ல இருக்கும்போதே கால எடுத்தா பெட்ரோல தானா நிறுத்திக்கும், தெரியுமா?"

அடிவாரத்துக் கடைசி வளைவில் அப்பாவின் ஜீப் வளையவில்லை. நேராக மரவள்ளிக் கொல்லைக்குள் இறங்கிச் செடிகளைச் சாய்த்துக்கொண்டு போய்ச் சேற்றில் நின்றது. நாங்கள் ஓடினோம். இருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அப்பா மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சி?" என்று மாமா கத்தினார்.

அத்தை தலையிலிருந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அண்ணன் மேல தப்பு இல்லீங்க. ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சி."

நாங்கள் பின்னாலேயேதானே வந்தோம், ஆடு எதுவும் வரவில்லையே என்றேன். அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அவ்வளவு பலமாக அதற்கு முன் யாரும் என்னைக் கிள்ளியதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது என்பது வண்டி ஓட்டக் கற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கயிறு கட்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரைப் போட்டு, மாமாவின் வண்டி உறுமி உறுமிச் சேற்றிலிருந்து அப்பாவின் வண்டியை இழுத்தது. வெகுநேரம் ஆனது. அதன் விளைவு பங்கில் தெரிந்தது. இன்ஜெக்ஷன் வண்டிக்குத்தான் பெட்ரோல் ஜாஸ்தி பிடித்தது. இழுத்ததைச் சேர்க்கக் கூடாது என்று மாமா வாதாடினார். போட்டி என்றால் போட்டிதான் என்று பங்குக்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அப்பா குனிந்து பம்பரில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா விளக்கை முறைத்துப் பார்த்தாள்.

ஜெயித்த ஜீப்பை அடுத்த மாதமே அப்பா விற்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, பஸ்ஸில் காற்று நன்றாக வருகிறது என்றார். அதன் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நிற்பார். தன் நாற்காலியையே நகர்த்திப் போட்டு, "ஒக்காரும்மா," என்பார். ஒரு போட்டியில் ஜெயித்தால் மனிதருக்கு இவ்வளவு மரியாதை தெரிந்துவிடும் போலிருக்கிறது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.