அக்காவின் கை அளவு

அக்கா போய் ஓர் ஆண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கு, அவருடைய ஒரே தம்பி எழுதுவது. அக்காவுக்குப் புகழ்ச்சி பிடிக்காது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மணப்பாடு. வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடி திரேஸ்புரத்தில். அத்தானுக்குக் கடற்கரையில் கருவாட்டுக் களம். பிள்ளை இல்லை என்று ஊர் பேசியபோது இருவரும் பதில் சொன்னதில்லை. அத்தான் மீன் வாங்கி உப்பிடுவார். அக்கா காயப்போட்டுக் காவல் இருப்பார். காவல் என்றால் காக்கைக்குத்தான். கையில் உண்டிவில் இருக்கும்: கொய்யாக் கவட்டை, சைக்கிள் டியூப் ரப்பர், கல் வைக்க ஒரு தோல் துண்டு.

அக்கா எந்தக் காக்கையையும் அடித்ததில்லை. "அதுவும் வயித்துப்பாட்டுக்குத்தான வருது" என்பார். களத்து ஓரத்தில் கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்தான் குறி. கல் பட்டு டின் சத்தம் போட்டால் அத்தனையும் பறந்துவிடும்.

ரப்பர் நீளமாக இருந்தால் கல் தூரம் போகும் என்று நம்புகிறவர்கள் எங்கள் கடற்கரையில் நிறைய. நானும் ஒருமுறை அப்படி நீளமாகக் கட்டிக் கொடுத்தேன். "ஏலே, அண்ணன் சட்டையத் தம்பி மாட்டுன மாதிரி தொளதொளங்குது" என்று அவிழ்த்துப் போட்டார். இடது கையை முழுதாக நீட்டிக் கவட்டையைப் பிடிக்க வேண்டும். வலது கை கன்னத்துக்கு வந்து நிற்கும்போது ரப்பர் நன்றாக விறைத்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய கணக்கு. நீளம் கூடினால் கல் சோம்பி விழும். குறைந்தால் கன்னம் சேருமுன் கை நடுங்கும், ரப்பரும் அறும். ஆள் மாறினால் அளவும் மாறும். அதனால் யாருக்கும் உண்டிவில்லை இரவல் தந்ததில்லை, அத்தானுக்கும்கூட. அவருக்குக் கை நீளம், இழுத்து அறுத்துவிடுவார் என்பது காரணம்.

ஒரு மழைக் காலையில் களத்தில் வழுக்கி விழுந்து வலது தோள் முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் கை கன்னம் வரை வரவில்லை, நெஞ்சுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பழைய ரப்பர் விறைக்காமல் கல் காலடியில் விழுந்தது. காக்கைகள் நெத்திலியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயின. அக்கா உண்டிவில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, களத்துக்குப் போவதையே நிறுத்தினார். சாப்பாடும் குறைந்தது. தோள் முறிந்ததைவிட இதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

அத்தான் கத்தரியை எடுத்து ரப்பரைக் குறைத்துக் கட்டினார். அக்காவுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "மொடங்குன கைக்கு மொட்ட ரப்பராக்கும்?" என்றார்.

"கைக்கு ஏத்த ரப்பரு. ஒஞ் சட்டந்தான இது?"

அக்கா மறுநாள் வெயில் ஏறும்போது களத்துக்கு வந்து, தோள் விட்ட வரைக்கும் இழுத்தார். கல் டின்னை எட்டவில்லை, ஆனால் நேராகப் போனது. "இன்னும் ஒரு விரக்கடை வெட்டுங்க" என்றார். இழுவை குறைந்தால் தூரமும் குறையும் அல்லவா, டின்னைக் கிட்டே நகர்த்தி வைத்துக்கொண்டார். நெஞ்சுவலி வந்து படுக்கும் வரை அப்படியே காவல் இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்டதுகூட, "காக்கா வருதா?" என்றுதான்.

அன்று வண்டி எடுத்து ஓடி வந்த தெருக்காரர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அடக்கத்தன்று படகு இறக்காமல் உடன் நின்ற அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா ஆண்டவரிடம் இளைப்பாறட்டும்.

இப்போது களத்தில் அத்தான்தான் காவல். கையில் அதே குட்டை ரப்பர். அவருடைய நீளக் கைக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது. போன வாரம் பார்க்கப் போனபோது, "ஒங்க கைக்கு அளவா வேற ரப்பர் கட்டித் தாரேன் அத்தான்" என்றேன்.

"வேண்டாம் மாப்ள. நான் கைய மடக்கிக்கிடுதேன்."

கல்லை வைத்து, நெஞ்சுக்கு முன்னால் அக்காவின் கை நின்ற இடம் வரைக்கும் மட்டும் இழுத்து விட்டார். டின் சத்தம் போட்டது.