"மழை வருது புள்ள" என்று சொன்னது யார்?

லிந்துலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், இன்று பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன வருடம் ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் அவருடைய அம்மா இருந்தார். இரண்டு அம்மாக்களும் ஒரே வாரத்தில் இறந்துபோனார்கள்.

"ஒங்க அம்மா பாவங்க, கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

"பேசினாங்களே! 'மழை வருது புள்ள, துணிய எடு'ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க."

அவர் முகம் மாறியது.

"அது எங்க அம்மாங்க. நான் டீ வாங்கிட்டு வந்தப்ப நீங்கதான் அவங்க கையப் புடிச்சிருந்தீங்க."

உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"அம்மாவுக்குத் தொண்டையில குழாய் போட்டிருந்தாங்களே அக்கா, எப்படிப் பேசுவாங்க?" என்றான்.

ஒரு வருடமாக அந்தக் குரலை நினைத்துத்தான் தூங்குகிறேன். இப்போது கண்ணை மூடினால் என் அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்: "எங்க அம்மா வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

நிறைய ஞாபகம் வந்தது. அதில் எது நடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் ஞாபகங்களை யாரிடமாவது சரிபார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் அப்படியே நிம்மதியாக இருங்கள். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள், எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.