சம்பந்தியோடு ஆடிய விமானச் சண்டை

இந்த வருஷம் பொங்கல் கழிந்து மெட்ராஸிலிருந்து என் சம்பந்தி வந்து இறங்கியபோது அவர் கக்கத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. என் மகளையும் பேத்தியையும் கூட்டிப்போக வந்திருந்தார். மாசித் திருவிழா வரைக்கும் பேத்தி எங்கள் ஊர் கறம்பக்குடியிலேயே இருக்கட்டும் என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. பெண்ணைக் கொடுத்தவன் எப்படிக் கேட்பது?

பெட்டிக்குள் இருந்தது பழைய உலக யுத்தத்து விளையாட்டு. பர்மா, வங்காளம் எல்லாம் போட்ட படம், அட்டை விமானங்கள், கொடி அச்சடித்த வட்டச் சில்லுகள். ஒவ்வொரு சில்லும் ஒரு விமானி.

"ரெண்டு பேரும் ஒரே கச்சிதான் சம்மந்தி. எதிரி ஜப்பான்காரன். அவனுக்குப் பதிலா சீட்டுக்கட்டு ஆடும். யாரு நெறைய ஊரக் காப்பாத்துறாகளோ அவுகதான் செயிச்சவுக" என்றார்.

எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. "அப்ப நான் செயிச்சா பேத்தி திருவிழா முடிஞ்சுதான் வரும்."

"நான் செயிச்சா நாளைக்குக் காலையில பஸ்ஸு."

"என்னைய வச்சாப்பா சூதாடுறீங்க?" என்று அடுப்படியிலிருந்து மகள் கத்தினாள். கத்தினாளே தவிர, கையைத் துடைத்துக்கொண்டு சீட்டுக்கட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இங்கிலீஷ் எழுத்தை வாசிக்க எனக்கும் ஆள் வேண்டுமே.

ஊர்களை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். அடுத்து விமானிகளைப் படைகளுக்குப் பிரிக்க வேண்டும். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா என்று எல்லா நாட்டுக்காரரும் ஒரே குவியலில் கிடந்தார்கள். ஒரு படையில் எல்லாரும் ஒரே நாட்டுக்காரராக இருந்தால், பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். சம்பந்தி மளமளவென்று ஆஸ்திரேலியாவை ஒரு படை, கனடாவை ஒரு படை என்று அடுக்கிவிட்டார்.

எனக்குக் கை வரவில்லை. நான் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் லோடு அடித்த லாரிக்காரன். அங்கே எனக்குத் தெரிந்த மீன்பிடி போட்டுக்காரர் ஒருவர், அண்ணன் தம்பியை ஒரே போட்டில் ஏற்றவே மாட்டார். காற்றடிக்கலாம், அக்கரை இலங்கை நேவிக்காரன் பிடித்துக்கொண்டு போகலாம். ஒரே வீட்டில் ரெண்டு இலை குறையக்கூடாது என்பார். அவர் வீட்டு மீன்குழம்பு இருக்கிறதே, அதில் மாங்காய் போடுகிற பக்குவம்... அது கிடக்கட்டும். நான் படைக்கு ஒரு கனடாக்காரர், ஒரு ஆஸ்திரேலியாக்காரர், ஒரு இந்தியாக்காரர் என்று கலந்து ஏற்றினேன்.

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன சம்மந்தி, டவுன் பஸ்ஸுல ஆள் ஏத்துற மாதிரி ஏத்துறீக? கூட்டல் போயிருமே!"

"போனாப் போகுதுங்க. அம்புட்டுப் பேரும் ஒரு ஊருக்காரனா இருந்து விழுந்துட்டா அந்த ஊருக்கு யாரு பதில் சொல்றது?"

நான்தான் பதில் சொல்லும்படி ஆனது. ஆட்டம் தொடங்கியதும் என் ஊர்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவருக்கு மூன்று விழுந்தால் நான்கு. எனக்கு மூன்று விழுந்தால் மூன்றேதான். அவர் காலாட்டிக்கொண்டு, "பேத்திக்குச் சட்டையெல்லாம் மடிச்சு வையிம்மா" என்றார். உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சீட்டை மகள் எடுத்தாள். வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா... ஆஸ்திரேலியாக்காரங்க எல்லாரையும் அவங்க நாட்டுக்கே கூப்பிட்டுட்டாங்களாம். உடனே எடுத்துரணுமாம்."

சம்பந்தி சீட்டைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முதல் படை முழுக்கக் காலி. வெறும் அட்டை விமானம் மட்டும் நின்றது. என் பக்கம் படைக்கு ஒருவர் இறங்கிப்போனார், அவ்வளவுதான். காவலில்லாத அவருடைய ஊர்கள் சரியச் சரிய, கடைசியில் இருவரும் சரிக்குச் சரி வந்து நின்றோம். மிச்சம் என் பக்கத்துச் சிட்டகாங். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் எனக்கு. விழாவிட்டால் ஆட்டம் சமம்; சமத்துக்கும் பஸ்தான் என்றார் சம்பந்தி.

"போடுங்க சம்மந்தி, கையில வச்சுக் குஞ்சு பொரிக்கவா போறீக?"

போட்டேன். பகடை படத்தைத் தாண்டி உருண்டு, தண்ணீர்ச் செம்பில் முட்டித் திரும்பி நின்றது.

"அஞ்சு! அப்பா, அஞ்சு!" மகள் போட்ட சத்தத்தில் பேத்தி எழுந்து அழுதது. நானே ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். திருவிழா வரைக்கும் என் பிள்ளை.

சம்பந்தி செல்போனை எடுத்து மகளிடம் நீட்டினார். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிரும்மா."

"எனக்கும் பாப்பாவுக்கும் மட்டுந்தானே மாமா?"

"மூணையும் பண்ணு. தோத்துட்டு எப்படிம்மா பஸ் ஏறுறது?"

சொல்லிவிட்டுச் சில்லுகளை மறுபடியும் குவித்தார். படைக்கு ஒரு கனடா, ஒரு ஆஸ்திரேலியா, ஒரு இந்தியா என்று சத்தமில்லாமல் வைக்கத் தொடங்கினார்.

"யோவ் சம்மந்தி!" என்று பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே கத்தினேன். "அது என் போட்டுக் கணக்குய்யா!"