கல்லண்ணன்

ஒன்பது பேராகச் சேர்ந்து பயணம் போகக் கூடாது என்பது பர்மாக்காரர்களின் சாத்திரம். போயே தீரவேண்டும் என்றால் ஒரு கல்லைப் பத்தாவது ஆளாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இதை முதலில் சொன்னவர் அத்தையின் கணவர். மாமா பர்மாக்காரர். ரங்கூன் தின்கன்ஜூனில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வேன் கிளம்பும்முன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவைத்த அப்பா, இந்தக் கல் விஷயத்தைக் கேட்டதும் மூடநம்பிக்கை என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஷான் மலைக்குள், பாதையே இல்லாத மேடுகளைக் கடந்து, உச்சிகளுக்கு நடுவே கிடக்கும் ஓர் ஏரிக்கு மூட்டை முடிச்சோடு நடந்து போகவேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. அத்தை, மாமா, எங்கள் வீட்டில் நால்வர், மாமாவின் நண்பர்கள் மூவர். எண்ணினால் சரியாக ஒன்பது. வேன் இறக்கிவிட்ட இடத்தில் கல் பொறுக்கும் வேலை எனக்கு வந்தது. கூழாங்கல்லே போதும்தான். ஆனால் ஆள் என்றால் கொஞ்சமாவது கனம் வேண்டாமா? உரித்த தேங்காய் அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன். மாமா அதைக் கல்லண்ணன் என்று மரியாதையாக அழைத்து, சாப்பாட்டு நேரத்தில் அதன் முன்னும் ஒரு பிடி சோறு வைத்தார்.

முதல் நாள் பெருமையாக இருந்தது. மறுநாள் ஏற்றத்தில் பை தோளை அறுத்தது. அண்ணன் கேட்டும் கொடுக்கவில்லை. கல்லை விட்டால் ஒன்பது பேரில் யாருக்கோ ஏதோ ஆகிவிடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

கடைசி மேட்டிலிருந்து ஏரி தெரிந்தது. அவ்வளவு தெளிந்த தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் ஏரியைப் பார்த்து மலைத்து நின்றார்கள். நான் மட்டும் தோள்வலியில் அழுதுகொண்டிருந்தேன். அதைக் கண்ட அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, என் பையைத் திறந்து கல்லை வெளியே எடுத்தாள்.

"இத இங்கயே வச்சிரும்மா. நாம பத்துப் பேர் இருக்கோம்."

இல்லை, ஒன்பதுதான் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அத்தை சிரித்தாள். மாமா ஏரியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளுடைய பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்வரை அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு டியூஷன் எடுக்கும் அத்தைக்கே எண்ணத் தெரியவில்லையே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. பெரியவர்கள் அசட்டையாக இருந்தால் சின்னவர்களாவது கவனமாக இருக்கவேண்டும். கரையில் ஒரு கூழாங்கல்லை யாருக்கும் தெரியாமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இறக்கத்தில் ஒருவர் காலிலும் முள்கூடக் குத்தவில்லை.

எல்லோரையும் பத்திரமாக ரங்கூன் கொண்டுவந்து சேர்த்தது நான்தான் என்று பல நாள் இறுமாந்திருந்தேன். எத்தனையோ வருஷம் காத்திருந்த அத்தைக்கு மசக்கை என்று வீடே அமளிப்பட்டபோதுகூட, நாங்கள் பதினொரு பேராக மலையிறங்கி வந்திருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை.