தமிழ் கேட்காத வகுப்பு

செஞ்சியில் ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தும் ஷோபனாவுக்கு, அவலூர்பேட்டையில் பஸ் ஏறும்போதே பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் முதல்வர் வந்து உட்காரப் போகிறார்.

"உங்க கிளாஸ்ல தமிழ்தான் கேக்குதுன்னு கம்ப்ளெயின்ட் வருது மேடம். இனிமே ஒரு வார்த்தை கேட்டாலும் ஜூன்ல வேற ஆளைப் பாத்துப்போம்" என்று சொல்லிவிட்டார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. ஜூன் என்றாலே அவளுக்கு ஜுரம் அடிக்கும்.

கம்ப்ளெயின்ட் பொய்யில்லை. பதில் சொல்ல எழுந்தவர் பாதியில் மாட்டிக்கொண்டால் தமிழில் முடிக்கலாம், பக்கத்தில் இருப்பவர் அதற்கு இங்கிலீஷ் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் அவள் வகுப்பின் வழக்கம். தொண்டூரிலிருந்து வரும் மங்கை ஒருமுறை சொன்னாள், "இங்கிலீஷ்ல பேசும்போது மூச்சே நின்னுடுது மேடம். நடுவுல தமிழ் வந்தாதான் மூச்சு வுட முடியுது."

நேற்று ஷோபனா அவர்களிடம் கெஞ்சினாள்: "நாளைக்கு மட்டும் தமிழ் வேணாம். என் வேலை போயிடும்." அங்கேதான் தப்பு நடந்தது. மேடத்தின் வேலையைக் காப்பாற்ற அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி, வாயையே திறக்காமல் இருப்பது.

இன்றைய பாடம் ஒரு கதை. மழையில் யாரோ கதவைத் தட்ட, வீட்டில் தனியாக இருக்கும் பெண் நடுங்குகிறாள், கடைசியில் திறந்துவிடுகிறாள். ஏன் திறந்தாள் என்று ஷோபனா இங்கிலீஷில் கேட்டாள். ஃபேன் சத்தம்தான் கேட்டது. வாயாடி பச்சைமுத்துகூட பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல்வர் பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். இவள் இத்தனை நாளும் எதுவும் சொல்லித்தரவில்லை என்றுதான் எழுதுவார், வேறென்ன? பேசினாலும் வேலை போகும், பேசாவிட்டாலும் போகும்.

மங்கை எழுந்தாள். "ஷீ இஸ்... ஷீ..." முதல்வரைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஷோபனாவுக்கு மனசு தாங்கவில்லை.

"தமிழ்லயே சொல்லும்மா" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது.

"அவளுக்கு பயம்தான் மேடம். பட், வெளிய நிக்கிறவங்களுக்கு அவளைவிட பயம் ஜாஸ்தியா இருக்கும்னு நெனச்சா. அதான் டோரை ஓபன் பண்ணிட்டா."

"மோர் அஃப்ரெய்ட் தேன் ஹெர்" என்று பச்சைமுத்து எடுத்துக் கொடுத்தான்.

முதல்வர் எழுந்தார். "கிளாஸ் முடிஞ்சதும் ஆபீஸுக்கு வாங்க மேடம்." அவர் அதைத் தமிழில் சொன்னதற்குச் சிரிக்க அங்கே யாருக்கும் தைரியமில்லை.

அவர் போனதும் ஷோபனா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மங்கை இன்னும் உட்காரவில்லை.

"மேடம், ஆர் யூ அஃப்ரெய்ட்?"

தடுமாறாமல் முழு வாக்கியம். வேறொரு நாளாக இருந்தால் ஷோபனா எல்லோரையும் கைதட்டச் சொல்லியிருப்பாள். இப்போது அவளுக்கு இங்கிலீஷ் எதுவும் வாயில் வரவில்லை.

"பயமாத்தான் இருக்குது மங்கை" என்றாள்.