தலைக்கு மேலே ஒரு ஓட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவர்ப் பலகையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் தானாகவே கிணுகிணுவென்று நடுங்கின. காற்று இல்லை. தெருவில் லாரி போகவில்லை. பூனையும் வரவில்லை. முன்னறையில் போன் பார்த்துக்கொண்டு படுத்திருந்த என் மகள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மம்மி, வாஷிங் மெஷின் போட்டிருக்கியா?"

"நம்ம வீட்டுல வாஷிங் மெஷின் எங்கடி கீது?"

"ஓ, ஆமால்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள்.

மற்ற டம்ளர்கள் நின்ற பிறகும் கடைசியில் இருந்த ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த டம்ளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதன் வயிற்றில் புள்ளிப் புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். 'பா. வசந்தா. ஓட்டம். முதல் பரிசு.' வசந்தா என் அக்கா. இந்தப் பரிசை எந்தப் பள்ளிக்கூடமும் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஆண்டர்சன்பேட்டை பாத்திரக் கடையில் அம்மா காசு கொடுத்து வாங்கி, அங்கேயே எழுத்தும் வெட்டிக்கொண்டு வந்தது.

நான் ஏழாவது, அக்கா ஒன்பதாவது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கால் தரையில் படாத வருஷம் அது. அப்பாவை நைனா என்போம். அவருக்குத் தங்கச் சுரங்கத்தில், அதாவது மைனில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். அவர் பகல் ஷிப்ட் என்றால் அம்மா இருட்டிலேயே எழுந்து சமைப்பாள். ராத்திரி ஷிப்ட் என்றால் நாங்கள் பகலெல்லாம் பூனை மாதிரி நடக்க வேண்டும். அக்கா விடியற்காலையில் கிரவுண்டில் ஓடுவாள். நான் அவளுடைய செருப்பையும் குளுக்கோஸ் தண்ணி பாட்டிலையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். எனக்கு விளையாட்டு வராது. டிரில்லில் கூட எல்லாரும் கையைத் தூக்கும்போது நான் இறக்குவேன். வாத்தியார் என்னைக் கடைசி வரிசையில், ஒரு குண்டுப் பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

நாலு பேரும் ஒன்றாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். வேகவைத்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டு சயனைட் மேட்டுக்குப் போவோம். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேடு அது. ஒரு புல் முளைக்காது. வெள்ளை வெளேரென்று, நிலா விழுந்து கிடப்பது போல இருக்கும். நைனா கீழே கை காட்டுவார். "அதோ பாரு, உங்க ஸ்கூல் கிரவுண்டு. அதுக்கு நேர் கீழதான் நான் வேலை செய்யற லெவல்."

ஒரு நாள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வருசம் கூட நீ என் ஸ்போர்ட்ஸ் டேக்கு வரல. எப்பப் பாரு ஷிப்ட்டுன்னுகினு."

"நான் இன்னாத்துக்குடி வரணும்? உன் காலுக்குக் கீழதான கீறேன். நீ ஓடினா எனக்குக் கேக்கும்."

"பொய்யி."

"நாளைக்கு ஓடு. எத்தினி ரவுண்டுன்னு நான் சொல்றேன்."

மறுநாள் சொன்னார். சரியாகச் சொன்னார். அக்கா அசந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் திருப்பத்தில் வரும்போதெல்லாம் கீழே இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்று காலை ஓங்கி மிதித்துவிட்டுப் போவாள். இதில் ஒரு மாயமும் இல்லை. ஷிப்ட் முடிந்து நைனா தண்ணித் தொட்டியில் கை கால் கழுவும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று விரலைக் காட்டுவேன். அவர் கண்ணைச் சிமிட்டுவார். நான் இருப்பதையே யாரும் கவனிப்பதில்லை என்பதால் உளவு வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே அன்றும் நைனாவுக்குப் பகல் ஷிப்ட்தான். மாற்றிக் கேட்டும் கிடைக்கவில்லை. காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே அக்காவிடம், "நாலு ரவுண்டு. நல்லா மிதிச்சி ஓடு, இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அக்கா கோட்டில் நின்று குனிந்தாள். வாத்தியார் வாயில் விசில். அவர் ஊதுவதற்குள் கீழேயிருந்து ஒரு இடி. மேலே வானத்தில் இடித்தால் காதுக்குக் கேட்கும். இது உள்ளங்காலில் கேட்டது. கோட்டில் இருந்த சுண்ணாம்பு ஒரு விரல் உயரம் எழும்பி அடங்கியது.

ஏர் பிளாஸ்ட். அந்த ஆழத்தில் பாறை தாங்காமல் வெடிக்கும். எங்கள் ஊரில் பேசத் தெரியாத குழந்தைக்குக் கூட அது என்னவென்று தெரியும். யாரும் அலறவில்லை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது போல இருந்தது. பிறகு லைன் வீடுகளிலிருந்து பெண்கள் மைனுக்குள் இறங்கும் ஷாப்ட்டின் கேட்டை நோக்கி ஓடி வந்தார்கள். எங்கள் அம்மா கையில் ஈர மாவோடு வந்தாள். ஸ்போர்ட்ஸ் டே அதோடு நின்றது. அந்த வருஷம் மறுபடி நடக்கவே இல்லை.

கேட்டில் சாயங்காலம் வரை நின்றோம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்போதெல்லாம் தலைக்கு மேலே சக்கரம் சுற்றும். எல்லாரும் சக்கரத்தைப் பார்ப்போம். வருகிற ஆட்களில் நைனா இல்லை. அவருடைய லெவலில் வழி அடைத்துக்கொண்டது என்று யாரோ சொன்னார்கள். அக்கா வெறுங்காலோடு, காலில் சுண்ணாம்போடு நின்ற இடத்தில் நின்றாள். அன்றைக்கு முழுக்க அவள் ஓடவில்லை. அதைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கத்தில் இருந்த நான் சாட்சி. அவள் ஓடவில்லை, கிரவுண்டில் வேறு யாரும் ஓடவில்லை.

கடைசியில் வந்த கேஜில் நைனா வந்தார். முகம் முழுக்கத் தூள், கண் மட்டும் சிவப்பு. அம்மாவைப் பார்க்கவில்லை. நேராக அக்காவிடம் வந்தார்.

"நாலு சுத்தும் ஓடிட்டியா?"

நான் இன்னும் விரலைத் தூக்கக்கூட இல்லை. அக்கா வாயைத் திறந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"ஓடிட்டேன் நைனா."

"எனக்குக் கேட்டுச்சு. பஸ்டா?"

"பஸ்டு."

வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார். தலையில் இருந்த லாம்ப் உடைந்துவிட்டது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. கூட இருந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தலைக்கு மேலே யாரோ ஓடும் சத்தம். சுற்றிச் சுற்றி ஓடியது. அதன் பின்னாலேயே தடவித் தடவிப் போனாராம். அப்படித்தான் காற்று வரும் பொந்து கிடைத்ததாம். கூட வந்த ஆளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"அவ்ளோ ஆழத்துல கேக்குமா?" என்று பக்கத்து வீட்டு அத்தை ஆரம்பித்தாள். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தை தன் வீட்டுக்கே போய்விட்டாள். மறுநாள் அந்த டம்ளர் வந்தது. லைனில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. சாகும்வரை நைனா அந்த டம்ளரில்தான் தண்ணி குடித்தார்.

அடுத்த வருஷம் நைனா ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா ஓடினாள். எல்லாரும் அவளைப் பார்த்துக் கத்த, நைனா மட்டும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு சுற்று ஆயிற்று. அக்கா நிஜமாகவே முதலாவதாக வந்தாள். சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது அம்மாவும் அக்காவும் முன்னால் போக, நைனா என் தோளில் கை போட்டார்.

"அன்னிக்கு ஓடினது இவ இல்லடி."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இவ கால் தரையிலயே படல, குருவி மாதிரி ஓடறா. அன்னிக்கு ஓடினது கனமான ஆளு. ஒரு காலு தாவும், ஒரு காலு இழுக்கும். நடுவுல நிக்கும். அது நின்னா நானும் நின்னுடுவேன், எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது. திரும்ப ஓடும். நாலாவது சுத்து முடியறப்ப மூஞ்சில காத்து பட்டுச்சு."

"யாரு நைனா அது?"

"எனக்கு இன்னா தெரியும்? எவளா இருந்தாலும் நல்லா இருக்கணும். அக்காகிட்ட சொல்லாத, சந்தோசமா கீறா."

சொல்லவில்லை. அன்று தான் ஓடவே இல்லை என்று அவளும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே இத்தனை வருஷமும் நின்றுவிட்டேன்.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் மடித்து அடுக்குகிறவள். இந்த ஊரிலிருந்தே தினமும் போய் வருகிறேன், விடிவதற்கு முன்னால் ரயில். நின்று நின்று இடது முட்டி போய்விட்டது, உடம்பும் போட்டுவிட்டது. ரயிலுக்கு ஓடும்போது பெட்டியில் இருக்கும் பெண்கள் வாசலில் நின்று, "வருதுடி நம்ம கூட்ஸ் வண்டி, வழி வுடு" என்று கைதட்டுவார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கதைக்குத் திரும்புகிறேன். டம்ளர் முனகி நின்றதும் நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் ஓடினேன். மைன் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கீழே முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டது என்கிறார்கள். அதற்குள் பாறை எப்போதாவது இப்படிப் புரண்டு படுக்கும். யாரும் கதவைத் திறந்து பார்ப்பதுகூட இல்லை. ஆனால் என் கால், அம்மா ஓடிய வழியிலேயே ஷாப்ட் கேட்டுக்கு ஓடியது. குறுக்கு வழி கிரவுண்டு வழியாகத்தான். பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். கிரவுண்டில் முள்செடி. ஓரத்தில் இரண்டு ஆடு.

பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நின்றேன். மறுபடி ஓடினேன். அப்போதுதான் என் கால் சத்தம் என் காதில் விழுந்தது. தொம். சர்ர். தொம். சர்ர்.

நின்றுவிட்டேன். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நான் நின்றதும் கிரவுண்டு அமைதியானது. கீழே யாரோ என்னோடு சேர்ந்து நின்றது போல இருந்தது. அது நின்னா நானும் நின்னுடுவேன் என்று நைனா சொன்னாரே.

ஓடினேன். பழைய கோடு இருந்த இடத்திலேயே, முள்ளை மிதித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். நின்றேன், ஓடினேன். ஆடுகள் இரண்டும் மேய்வதை விட்டுவிட்டு என்னையே பார்த்தன. நாலாவது சுற்று முடியும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோடு இருந்த இடத்தைத் தாண்டியதும் காற்றே இல்லாத அந்தக் காலையில் முகத்தில் ஜில்லென்று ஒரு காற்று பட்டது. வியர்வையாக இருக்கலாம்.

வீட்டில் மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எங்க மம்மி போன? வெங்காயம் அப்படியே கீது. இன்னா இப்படி மூச்சு வாங்குது?"

"கொஞ்சம் ஓடிட்டு வந்தேன்."

"நீயா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லப் போகிறேன் என்றாள். சொல்லட்டும்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் முடியும் சங்கு இல்லை. சுற்றுவதற்குச் சக்கரம் இல்லை. கேட்டில் நிற்கும் பெண்கள் இல்லை. என் முட்டி வீங்கியிருந்தது. அந்த டம்ளரில் தண்ணி மொண்டு பக்கத்தில் வைத்திருந்தேன். கண் மட்டும் சிவந்த முகத்தோடு மேலே ஏறி வந்து, "நாலு சுத்தும் ஓடிட்டியா?" என்று என்னைக் கேட்கத்தான் ஆள் இல்லை.