அவள் தோணி ஏறாதிருக்க வைத்த நேர்த்தி

எனக்குத் தண்ணீர் பயம். வாவிக்கரையில் பிறந்து, வாவிக்கரையிலேயே வீடு கட்டி, தலை நரைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. எங்கள் வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரை வட்டையில் இருக்கிறது. தோணியில் போனால் ஒரு வாய் வெற்றிலை சப்பி முடிகிற நேரம். நான் சைக்கிளில் வடக்கே போய்ப் பாலத்தால் சுற்றித்தான் போவேன். "பாலத்தார் போறார்" என்று துறையடியில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு எங்கள் ஊர்க் கண்ணகை அம்மாள் தந்த பெண்சாதியோ தண்ணீரிலேயே கிடப்பவள். அவள் மருத்துவமாது. கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் கவனிப்பதும் வேலை. ஊருக்கெல்லாம் அவள் 'மிஸ்'. பையைப் பொலித்தீனில் சுற்றித் தோணியில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போவாள். வேலை இல்லாத நாளிலும் சும்மா இருக்கமாட்டாள். எங்கள் மகள்மார் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கண்டல் காட்டுப் பக்கம் போய், மீன் பிடித்து அங்கேயே சுட்டுத் தின்றுவிட்டு வருவாள். ஒருமுறை முதலை வெயில் காய்வதைக் காட்டப் பிள்ளைகளைக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறாள். நான் கரையில் நின்று அம்மாளைக் கூப்பிட்டபடி இருந்தேன். வந்து இறங்கியதும் சொன்னாள்:

"முதலையும் உங்களப் போலதான். அசையாமக் கிடக்கு, வாய மட்டும் திறந்து வச்சிருக்கு."

அவள் இப்போது இல்லை. நோய்தான் கொண்டுபோனது. நான் வாழ்நாள் முழுக்கப் பயந்ததோ தண்ணீருக்கு.

கடல் வந்த அந்த ஞாயிறு பௌர்ணமிப் போயா லீவு. காலையிலேயே பையைத் தூக்கினாள். கடற்கரைப் பக்கம் புதிதாகப் பிள்ளை பிறந்த ஒரு வீடு.

"லீவில என்னத்துக்குப் போறாய் புள்ள?"

"பிள்ளை லீவு பாத்தா பிறக்குது?"

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் சனம் ஓடி வந்தது. "கடல் வருகுது" என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. கடல் எப்படி வரும்? இரைச்சல் கேட்ட பிறகுதான் கால் அசைந்தது. மகள்மாரை இழுத்துக்கொண்டு மேட்டில் இருக்கிற கண்ணகை அம்மன் கோயிலுக்கு ஓடினேன். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கடல் ஊரைத் தாண்டி வாவிக்குள் விழுந்ததை அங்கே நின்று கண்டேன். கூரைகள் மிதந்து போயின. மாடு ஒன்று தலையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. அவள் போன பக்கம் வீடென்று ஒன்றும் தெரியவில்லை.

கிழிந்த மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தேன். அம்மாள் வாசலில் விழுந்தேன். "தாயே, அவளை உயிரோட தா. இனி அவள் தோணியில ஏறமாட்டாள். நான் ஏற விடமாட்டன்."

நேர்த்தி என்றால் எங்களுக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை. சொன்ன சொல் தவறினால், அம்மாள் தந்ததைத் திருப்பி எடுத்துவிடுவாள்.

பொழுது சாய அவள் வந்தாள். தோணியில் வந்தாள். அலை அவளை வாவிக்குள் தள்ளியிருக்கிறது. கட்டவிழ்ந்து மிதந்த தோணி ஒன்றைப் பிடித்து ஏறி, அந்த வீட்டுத் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, ஒரு பலகைத் துண்டால் வலித்து வந்திருக்கிறாள். நெற்றியில் இரத்தம். நான் அழுதேன். நேர்த்தியைப் பற்றி அன்று வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோதுதான் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னைக் கேளாம என்ட காலைக் கட்டினீங்களா?"

"கேக்கிறதுக்கு நீ பக்கத்திலயா இருந்தாய்?"

"அந்தத் தோணி இல்லாட்டி உங்கட அம்மாள் என்னை எதில ஏத்தி அனுப்பியிருப்பா? சைக்கிள்ளயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவளும் சிரிக்கவில்லை. வருசத்துக்கு ஒருமுறை வரும் வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தபோது தனியாகப் போய் அம்மாள் முன்னால் நெடுநேரம் நின்றாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்:

"கதைச்சிட்டன். வேலைக்கு ஏறுவன். விளையாட்டுக்கு ஏறமாட்டன். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு."

அம்மாள் பாதிக்குச் சம்மதிப்பாளா? அதை யாரிடம் கேட்பது? முடிச்சைச் சாமிப்படத்தின் கீழ் வைத்துவிட்டு, அவள் துறைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டேன்.

பிறகு எங்கள் பக்கத்துச் சண்டை முடியப்போகிற காலம். ஷெல் வாவிக்கு மேலால் படுவான்கரைக்குப் போகும். வீட்டு ஓடு அதிரும். அக்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் ஒருத்திக்கு வலி கண்டுவிட்டதென்று சொல்லி அனுப்பினார்கள். என் மனைவி ஆமிச் சென்றியில் பையைத் திறந்து காட்டிவிட்டுத் தோணியைத் தள்ளினாள். அவள் அக்கரை சேர்ந்த கையோடு ஷெல்லடி தொடங்கியது.

நான் துறையில் நின்றேன். ஷெல்லுக்குப் பயம். அதைவிட அம்மாளுக்குப் பயம். பாதி நேர்த்தியை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றைக்குத்தான் கணக்குத் தீர்க்கிறாள் என்று என் நெஞ்சு சொன்னது. கண்ணுக்கு எட்டிய தண்ணீரில் ஒரு தோணியும் இல்லை.

புகைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துணி அசைந்தது. தடியில் துணியைக் கட்டித் தோணியில் நட்டுவிட்டு அவள் துடுப்புப் போட்டு வந்தாள். தோணிக்குள் அந்தத் தாய் படுத்திருந்தாள். அவள் நெஞ்சில் சேலையால் சுற்றிய சின்னப் பொட்டலம் அழுதது.

"இஞ்சேருங்க," என்று என் மனைவி கூப்பிட்டாள். "எங்க நிக்கிறீங்க எண்டு குனிஞ்சு பாருங்க."

பார்த்தேன். நெஞ்சளவு தண்ணீர். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை.

"உங்களப் பெத்த மாமி இருந்து கண்டிருந்தா கற்பூரம் காட்டியிருப்பா. சரி சரி, முன்பக்க அணியத்தப் பிடிச்சு இழுங்க."

சண்டை முடிந்தபின் வாவியில் சனம் ஆசைக்குத் தோணி விட்டது. மகள்மார் கூப்பிட்டாலும் அவள் ஏறவில்லை. "பாதி குடுத்தாச்சு" என்று கரையிலேயே இருந்து பார்ப்பாள்.

நோய் முற்றி வைத்தியர்கள் கையை விரித்த பிறகு ஒருநாள் கேட்டாள். "ஒருக்கா ஏத்துங்க. வேலை ஒண்டும் இல்ல. சும்மா."

எப்படியும் போகப்போகிறவள்தான். ஆனாலும் அம்மாள் இன்னும் ஒரு மாதம், ஒரு கிழமை தரக்கூடும். நான் சொல் தவறினால் அதுவும் போய்விடும். கோயிலுக்குப் போனேன். "நேர்த்தி வச்சவன் நான். முறிக்கிறதும் நான். கோவம் எண்டா என்னில காட்டு தாயே" என்றேன். முடிச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மகள்மாரோடு சேர்ந்து அவளைத் தூக்கித் தோணியில் இருத்தினேன். மகள் துடுப்புக்குக் கை நீட்டினாள். "அப்பா போடட்டும்" என்றாள் இவள்.

தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது.

"பாலத்தாரே, துடுப்பைக் கழுத்த நெரிக்கிற மாதிரிப் பிடிக்காதீங்க. மற்றப் பக்கம் போடுங்க. ம், இப்ப போகுது."

கரை விலகியது. ஒவ்வொரு துடுப்புக்கும் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். மெலிந்த கையில் வளையல் கழன்று விழுகிற மாதிரி விரலடி வரை வழுகிக் கிடந்தது.

"பயமா?"

"ஓம்."

"தண்ணியப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

பார்த்தேன். அதைவிடத் தண்ணீரைப் பார்ப்பதே எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.